‘புதிது’ என்ற எண்ணில் படகு இல்லை

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று எங்கே பார்த்தாலும் போட்டுகள் சும்மா நிற்கும். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, என்ஜினைப் பிரித்துப் போடுவது எல்லாம் அந்த நாட்களில்தான். தங்கச்சிமடத்தில் மீன் வியாபாரம் செய்யும் சித்தப்பாவின் கணக்கு சர்வரையும் போன தடைக்காலத்தில்தான் பிரித்துப் போட்டோம்.

நானும் சித்தப்பா மகனான தம்பியும் சேர்ந்து எழுதியது அது. எந்தப் படகு எப்போது கரைக்கு வந்தது, எந்த மீன் என்ன விலைக்கு ஏலம் போனது, ஐஸுக்கும் டீசலுக்கும் எவ்வளவு முன்பணம் கொடுத்தது, இவ்வளவுதான் அதன் வேலை. ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில், முகவரிகளைப் பதிந்துவைக்க உதவும் எக்ஸ்பிரஸ் என்ற நிரல்தொகுப்பை வைத்து, ஒரே கோப்பில் தொடங்கினோம். அந்தக் கோப்பு இரண்டாயிரம் வரியைத் தாண்டியதும் ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து அடுக்கினோம். அன்று சாயங்காலமே தம்பி கூப்பிட்டான்.

“அண்ணே, புதுப் படகு சேர்க்கிற பக்கத்தைத் திறந்தா, ‘புதிது என்ற எண்ணில் படகு இல்லை’ன்னு வருது.”

முந்தின நாள் வரை ஒழுங்காக ஓடிய பக்கம். அந்தப் பக்கத்தின் நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இடம் மட்டும்தான் மாறியிருந்தது. ஃபோல்டரை வைத்துச் சர்வர் பாதைகளை, அதாவது எந்த முகவரிக்கு எந்த நிரல் என்பதை, அமைக்கும் முறையில் என்ன நன்மை, எங்கே அது காலை வாரும் என்பதெல்லாம் இந்த ஒரு பிழைக்குள்ளேயே இருக்கிறது.

சர்வர் செய்கிற காரியம் சின்னது. ஒரு முகவரி வருகிறது, கூடவே கெட் (கொடு), போஸ்ட் (வாங்கிக்கொள்) என்று ஒரு வினைச்சொல் வருகிறது; இரண்டையும் பார்த்து எந்த நிரல் துண்டை ஓட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். எக்ஸ்பிரஸில் இதை வரி வரியாக எழுதுவார்கள்: இந்த முகவரி வந்தால் இதைச் செய். பத்து முகவரி இருக்கும்போது இதைவிடத் தெளிவான முறை கிடையாது. அறுபது ஆகும்போது, ஏலத்தை ரத்து செய்யும் நிரல் எங்கே என்று கேட்டால் கோப்பு முழுக்க உருட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஃபோல்டர் முறையில் அந்தத் தேடல் இல்லை. ‘பாதைகள்’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ‘படகுகள்’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘புதிது’ என்ற கோப்பு. அப்படியென்றால் அதன் முகவரி /படகுகள்/புதிது. வேறு எங்கும் பதிந்து வைக்க வேண்டியதில்லை. மாறிக்கொண்டே இருக்கும் பகுதிக்குச் சதுர அடைப்புக்குறி: ‘படகுகள்’ ஃபோல்டருக்குள் ‘[எண்]’ என்று ஒரு கோப்பு வைத்தால் /படகுகள்/746, /படகுகள்/812 இரண்டும் அதற்கே போகும். ‘[எண்]’ என்று ஒரு ஃபோல்டரும் வைத்து அதற்குள் ‘ஏலம்’ என்ற கோப்பைப் போட்டால் /படகுகள்/746/ஏலம் தயார்.

போட்டின் முகப்பில் எழுதியிருக்கும் பதிவு எண்ணும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஐஎன்டி, டிஎன், 10, எம்எம், அப்புறம் அந்தப் படகுக்கு மட்டும் உரிய எண். நாடு, மாநிலம், பதிந்த இடம், விசைப்படகு என்ற வகை, கடைசியில் படகு. இராமேஸ்வரம் போட்டுகளில் அந்த 10 வரும். இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போனால் வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். முன்னால் உள்ள நான்கும் ஃபோல்டர், கடைசி எண் அடைப்புக்குறிக்குள் போகிற பகுதி. தம்பிக்கு இதைச் சொல்லித்தான் விளங்க வைத்தேன்.

இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. 1990-களில் இணையம் இப்படித்தான் இருந்தது. அப்பாச்சி சர்வரும் பிஹெச்பி என்ற நிரல்மொழியும் 1995-இல் வந்தவை. சர்வரில் ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால் அதற்குள் இருக்கும் கோப்புகள்தான் பக்கங்கள். கோப்பை ஏற்றினால் பக்கம் பிறக்கும், அழித்தால் பக்கம் போகும். 2009-இல் ரையன் டால் கொண்டுவந்த நோட் ஜேஎஸ்ஸில் இந்தத் தொடர்பு இல்லை. நோட்டில் சர்வரே ஒரு நிரல்தான். வருகிற முகவரிக்கு என்ன பதில் என்பது முழுக்க எழுதுகிறவர் பாடு. அடுத்த வருடம் வந்த எக்ஸ்பிரஸ், ரூபி என்ற நிரல்மொழி உலகத்தின் சினாட்ராவைப் பார்த்து, வரி வரியாகப் பாதை எழுதும் பழக்கத்தைக் கொடுத்தது. 2016-இல் நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற இணையதளம் கட்டும் கருவி வந்து பழையபடி ‘இந்த ஃபோல்டரில் போடு, பக்கம் வரும்’ என்றது. அதன் ஒன்பதாம் பதிப்பில், 2019-இல், சதுர அடைப்புக்குறியும் சர்வர் பக்கப் பாதைகளும் சேர்ந்தன. ஸ்வெல்ட்கிட், நக்ஸ்ட், ஆஸ்ட்ரோ என்ற மற்றக் கருவிகள் எல்லாம் இதே தெருவில் வீடு கட்டியவைதான்.

பழையதுக்கும் புதியதுக்கும் முக்கியமான ஒரு வித்தியாசம் உண்டு. பழைய சர்வர் ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும் வட்டில் போய்க் கோப்பைத் தேடும். வெளியாள் அனுப்பும் முகவரியே கோப்பு இருக்கும் இடமாக மாறுவதால், இரண்டு புள்ளி போட்டு மேல் ஃபோல்டருக்கு ஏறி, காட்டக் கூடாத கோப்பை எட்டிப் பார்க்கிற தாக்குதல்கள் அங்கே சாதாரணம். இப்போதைய முறையில் சர்வர் எழும்பும்போதோ, அதற்கு முன்னால் நிரலைக் கட்டும்போதோ, ஒரே ஒரு தடவை ஃபோல்டரை நடந்து பார்த்து ஒரு பட்டியல் போட்டுக்கொள்கிறார்கள். கோரிக்கை வரும்போது பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். பட்டியலில் இல்லாத முகவரிக்கு 404, அதாவது ‘பக்கம் இல்லை’, அவ்வளவுதான். நீங்களே சொந்தமாக இப்படி ஒன்று எழுதுவதாக இருந்தால் இதை மட்டும் மாற்றிச் செய்யாதீர்கள்.

சொந்தமாக எழுதுவதும் பெரிய மலை இல்லை. ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்பையும் பட்டியலிட வேண்டும். நோட் 20-க்குப் பிறகு உள் ஃபோல்டர்களையும் சேர்த்து ஒரே அழைப்பில் இது கிடைக்கும். பெயரின் பின்னொட்டை நறுக்கி, அடைப்புக்குறியை எக்ஸ்பிரஸ் கேட்கும் முக்காற்புள்ளியாக (:) மாற்றி, கோப்பை இறக்குமதி செய்து, பதிந்துவிட வேண்டும். முப்பது நாற்பது வரிகளில் வேலை முடியும். நாங்கள் செய்ததும் அதுதான். முக்காற்புள்ளியை ஏன் நேராகக் கோப்புப் பெயரிலேயே வைக்கக் கூடாது என்று கேட்கலாம். விண்டோஸில் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி வரக் கூடாது. அடைப்புக்குறிக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அடைப்புக்குறியும் சாது இல்லை. டெர்மினலில் அதற்கு ‘இந்த எழுத்துகளில் ஏதாவது ஒன்று’ என்ற அர்த்தம் இருப்பதால், மேற்கோள்குறி போடாமல் கோப்புப் பெயரை அடித்தால், அங்கே கட்டளைகளைப் படிக்கும் ஜீஷெல் ‘பொருத்தம் எதுவும் இல்லை’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சரி, ‘புதிது’ எப்படிக் காணாமல் போனது?

எக்ஸ்பிரஸ் தன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதுவே பதில் சொல்லும். ‘/படகுகள்/’ என்று தொடங்கி அடுத்து ஏதாவது ஒரு சொல் வந்தால் போதும் என்பதுதான் ‘[எண்]’ பாதை. ‘புதிது’ என்பதும் ஒரு சொல்தானே? எனவே ‘புதிது’ முதலில் பதியப்பட்டிருந்தால்தான் பிழைக்கும். பழைய ஒற்றைக் கோப்பில் அது மேலே இருந்தது. யோசித்து வைத்ததில்லை, முதலில் எழுதினோம், அதனால் மேலே இருந்தது. புதிய அமைப்பில் வரிசையை யார் முடிவு செய்தார்கள்? நாங்கள் நல்ல பிள்ளைகளாகப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கிப் பதிந்தோம். கணினிக்கு அகரவரிசை என்பது எழுத்துகளின் குறியெண் வரிசை. சதுர அடைப்புக்குறியின் குறியெண் 91. ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 97-இல் தொடங்குகின்றன. ‘ப’வின் குறியெண் 2986. தமிழில் எந்தப் பெயர் வைத்தாலும், அடைப்புக்குறி எப்போதும் அதற்கு முன்னால்தான் நிற்கும். வரிசையில் கடைசியில் நிற்க வேண்டிய ஆள் முதலில் நின்று எல்லோருடைய டோக்கனையும் வாங்கிக்கொண்ட கதை.

மருந்து எளிது. பெயரை வைத்து அடுக்காமல், பாதையின் ஒவ்வொரு துண்டையும் எடை போட்டு அடுக்க வேண்டும்: நிலையான சொல் முதலில், அடைப்புக்குறி அடுத்து, ‘மீதி எதுவானாலும் எனக்கு’ என்று விழுங்கும் மூன்று புள்ளிப் பாதை கடைசியில். எக்ஸ்பிரஸுக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும் ஃபாஸ்டிஃபை வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. அதன் உள்ளே பாதைகளைத் தேடும் பகுதி, அவற்றைப் பட்டியலாக இல்லாமல் மரமாகச் சேமிக்கிறது. எந்த வரிசையில் பதிந்தாலும் நிலையான சொல்லுக்கே முதல் மரியாதை. ஃபோல்டருக்கு வரிசை கிடையாது, எக்ஸ்பிரஸுக்கு வரிசைதான் எல்லாம். இரண்டையும் கட்டி வைக்கும்போது நடுவில் ஒருவர் வரிசையைச் சொல்லியாக வேண்டும் என்பது எங்கள் மண்டையில் ஏறவில்லை.

முகவரியைத் தமிழில் வைப்பேன் என்று அடம் பிடித்ததற்கும் ஒரு விலை கொடுத்தோம். சித்தப்பா கடையில் கணக்கு எழுதும் அக்கா முகவரிப் பட்டையைப் பார்த்தே எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். உலாவி தமிழாகக் காட்டினாலும் கம்பியில் போவது தமிழ் இல்லை. ‘படகுகள்’ என்பதை யூனிகோடு ஏழு குறிகளாகப் பார்க்கிறது, ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக்குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக 63 எழுத்து. இணைப்பை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஏதோ வைரஸ் வந்துவிட்டது போல இருக்கும். எக்ஸ்பிரஸ் நிலையான பகுதிகளை இந்த விரிந்த வடிவத்திலேயே ஒப்பிடும் என்பதால், பதியும்போது நாமும் விரித்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் முக்காற்புள்ளிக்குப் பின்னால் வரும் பெயரை விரிக்கக் கூடாது. அந்தப் பெயர் தமிழில் இருந்தால் எக்ஸ்பிரஸ் 4 ஏற்காது, ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும்தான். 2024-இல் வந்த 5-தான் தமிழை ஏற்கிறது.

அதைவிடக் கண்ணைக் கட்டியது ‘கொள்முதல்’. ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது எகரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். பைட்டில் வேறு வேறு. ஃபோல்டர் ஒரு விதமாக, அக்கா தட்டச்சு செய்தது இன்னொரு விதமாக இருந்தால் 404 வரும், எத்தனை தடவை பார்த்தாலும் பிழை தெரியாது. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை பெயரைத் தானாகவே பிரித்துத்தான் சேமிக்கும் என்பதால், கோப்பு எந்தக் கணினியில் பிறந்தது என்பதே ஒரு கேள்வியாகிவிடும். ஃபோல்டரைப் படிக்கும்போதும், கோரிக்கை வரும்போதும், இரண்டு இடத்திலும், ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. ஒரு வகையில் தமிழ் கைகொடுக்கவும் செய்தது. ஆங்கிலப் பெயர் வைப்பவர்களுக்கு, விண்டோஸும் மேக்கும் பெரிய எழுத்து சிறிய எழுத்தைப் பொதுவாக ஒன்றாகப் பார்க்க, லினக்ஸ் சர்வர் வேறாகப் பார்க்கும் தலைவலி உண்டு. நமக்கு அந்த வம்பே இல்லை.

ஃபோல்டர் முறையில் எனக்கு உண்மையிலேயே பிடித்த இடமும், பயம் வரும் இடமும் ஒன்றுதான்: காவல்.

மண்டபம் வரை வருகிறவர் பாலம் ஏற வேண்டியதில்லை. பாம்பனோ தங்கச்சிமடமோ இராமேஸ்வரமோ தனுஷ்கோடியோ போகிற எந்த வண்டியும் பாம்பன் பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும். சாலைப் பாலம் 1988-இல் திறந்தது. அதற்கு முன்னால் 1914-இன் ரயில் பாலத்தை விட்டால் படகுதான். தீவுக்கு ஒரு சோதனைச்சாவடி வைக்க வேண்டும் என்றால் ஊர் ஊராக வைக்க வேண்டாம், பாலத்தில் ஒன்று போதும். ஃபாஸ்டிஃபையின் ஆட்டோலோடு என்ற துணைநிரல் இதையேதான் செய்கிறது: ஒரு ஃபோல்டரில் ‘ஆட்டோஹூக்ஸ்’ என்ற கோப்பை வைத்து, அமைப்பில் அதை இயக்கிவிட்டால், அதே ஃபோல்டரில் இருக்கும் பாதைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் அது ஓடும். உள் ஃபோல்டர்களுக்கும் இறங்க வேண்டுமா என்பதற்குத் தனியாக ஒரு விருப்பம் இருக்கிறது. வெளியே இருக்கும் பாதைகளை அது தொடாது. நாங்கள் எக்ஸ்பிரஸில் இதே மாதிரி ஒன்றைக் கையால் செய்துகொண்டோம். ‘ஏலம்’ ஃபோல்டருக்குள் நுழைகிற எதுவானாலும் முதலில் உள்நுழைவுச் சோதனை.

அழகாகத்தான் இருந்தது. ஒரு நாள் தம்பி ஏலத் தொகையைக் காட்டும் கோப்பைத் திருத்துவதற்கு முன்னால், பாதுகாப்புக்காக ஒரு பிரதி எடுத்து ‘ஏலம்-பழையது’ என்று பெயர் வைத்து ஃபோல்டருக்கு வெளியே வைத்தான். எல்லோரும் செய்கிற காரியம். ஆனால் ‘பாதைகள்’ ஃபோல்டருக்குள் எது இருந்தாலும் அது ஒரு முகவரி. /ஏலம்-பழையது என்று ஒரு புதிய வாசல் திறந்துகொண்டது, பாலத்துக்கு இந்தப் பக்கம், காவல் எதுவும் இல்லாமல். யார் எந்த விலைக்கு எடுத்தார்கள் என்பது எங்கள் கடற்கரையில் சின்ன ரகசியம் இல்லை. நல்ல வேளையாக யார் கண்ணிலும் படவில்லை.

வரி வரியாகப் பாதை எழுதும் முறையில் இந்தத் தவறு நடக்க வழியே இல்லை. பிரதி எடுத்த கோப்பை யாராவது வேண்டுமென்றே இணைத்தால்தான் அது உயிர் பெறும். ஃபோல்டர் முறையில் இருப்பதே உயிர். நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸின் பழைய ‘பேஜஸ்’ ஃபோல்டருக்கும் இந்தக் குணம்தான். சோதனைக் கோப்பை உள்ளே வைத்தால் அதுவும் பக்கமாகும். பிறகு 2022-இல் அவர்கள் கொண்டுவந்த ‘ஆப்’ ஃபோல்டரில், ‘பேஜ்’ அல்லது ‘ரூட்’ என்ற குறிப்பிட்ட பெயருள்ள கோப்பு மட்டுமே வெளியே தெரியும், மற்றவை உள்வீட்டுச் சாமான். ஸ்வெல்ட்கிட் கூட்டல் குறியில் தொடங்கும் கோப்புகளை மட்டும் கவனிக்கிறது. எல்லோரும் ஒரு தடவை சூடு பட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் இப்போது ‘பாதை’ என்று முடியும் கோப்புகளை மட்டும் ஏற்றுகிறோம். இன்னொன்றும் செய்தோம். உள்நுழைவுச் சோதனையை ஃபோல்டரைப் பொறுத்து விடாமல், எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போட்டுவிட்டு, திறந்திருக்க வேண்டிய பாதை தன் கோப்புக்குள்ளேயே ‘நான் திறந்தவன்’ என்று சொல்ல வேண்டும் என்று மாற்றினோம். கோப்பை இழுத்து எங்கே போட்டாலும் காவல் கூடவே போகும்.

வேறொரு தொல்லை மெதுவாகத் தெரிந்தது. தங்கல், அதாவது கடலிலேயே தங்கிப் பிடிப்பது, முடிந்து போட்டு வந்ததும் ஏலத் தொகையிலிருந்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மீதியைப் படகுக்காரருக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்க வேண்டும். இந்தக் கணக்கு படகின் பக்கத்துக்கும் வேண்டும், ஏலத்தின் பக்கத்துக்கும் வேண்டும், மாதக் கணக்குக்கும் வேண்டும். எந்த ஃபோல்டரில் வைப்பது? முதலில் எழுதிய இடத்திலேயே வைத்துவிட்டு, மற்ற கோப்புகளிலிருந்து நாலு படி மேலே ஏறி, மூன்று படி கீழே இறங்கி எடுத்துக்கொண்டிருந்தோம். முகவரிக்கு ஒரு வடிவம், வியாபாரத்துக்கு ஒரு வடிவம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பங்குக் கணக்கை ‘பாதைகள்’ ஃபோல்டருக்கு வெளியே எடுத்தோம். இப்போது பாதைக் கோப்பு ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து வரிதான்: வந்ததைப் பிரித்துப் பார், கணக்கைக் கூப்பிடு, பதிலைக் கொடு. அவை வெறும் வாசல்கள். வாசலில் சமையல் செய்யக் கூடாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

முகவரி மாறாமல் இருப்பதே நல்லது என்று உலகளாவிய வலையை (www) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998-லேயே எழுதினார். ஃபோல்டர் முறையில் இதை மறப்பது சுலபம். பெயர் சரியில்லை என்று ஃபோல்டரை ஒரு நொடியில் மாற்றிவிடலாம். வியாபாரிகள் கைபேசியில் சேமித்து வைத்த இணைப்பு அதே நொடியில் செத்துப்போகும். ‘கொள்முதல்’ என்பதை ‘வரவு’ என்று மாற்றிய அன்று நான்கு பேர் கூப்பிட்டார்கள். பழைய பெயரிலேயே ஒரு ஃபோல்டரை விட்டுவைத்து, புதிய இடத்துக்குத் திருப்பிவிடும் கோப்பு ஒன்றை அதில் போட்டோம். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

பெரிய மேகச் சேவைகளில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலவற்றில் நிரல் ஓடும் இடத்தில் கோப்பு முறையே இருக்காது, அல்லது எல்லாக் கோப்பையும் ஒன்றாகச் சுருட்டித்தான் அனுப்புவார்கள். அங்கே சர்வர் எழும்பும்போது ஃபோல்டரை நடந்து பார்ப்பது வேலைக்கு ஆகாது. கட்டும் நேரத்திலேயே பட்டியலை எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும். எங்கள் சர்வர் ஒரு வாடகைக் கணினியில் ஓடுவதால் தப்பித்தோம்.

இத்தனைக்கும் பிறகு ஃபோல்டர் முறையை விட்டுவிட்டோமா என்றால், இல்லை. ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் எது எங்கே என்று தம்பிக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு பழக்கம் சேர்த்துக்கொண்டோம். கடலுக்குப் போகும் முன் போட்டுகள் மீன்துறையில் டோக்கன் வாங்குவது போல, சர்வர் எழும்பும்போது தான் பதிந்த பாதைகள் எல்லாவற்றையும் வரிசையாக அச்சிடும்: வினைச்சொல், முகவரி, எந்தக் கோப்பு, திறந்ததா பூட்டியதா. அந்தப் பட்டியலின் போன தடவைப் பிரதியை, நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் வைத்திருக்கிறோம். ஒரு வரி கூடினாலும் குறைந்தாலும் சோதனை தோற்கும், யாராவது பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்தது. போட்டுகள் கிளம்பிய அன்று சித்தப்பா புதிதாகக் கணக்கு வைத்த ஒரு படகைச் சேர்க்க வேண்டியிருந்தது. அக்கா /படகுகள்/புதிது பக்கத்தைத் திறந்தார். இந்தத் தடவை படிவம் வந்தது.